வராத குப்பைக்கு யார் கூலி கொடுப்பது?

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய எழுத்து வடிவம்)



வளரும் நாடுகளில் மக்கள் பங்கேற்பும் நிலைத்த வளர்ச்சியும் என்பது எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு. ஒரு மாலைப் பொழுதுக்கு அது மிகப் பெரிது. ஆகவே குப்பையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அதிலும் ஒரே ஒரு கேள்வியை.

குப்பை பற்றிய கூட்டங்களில் இரண்டு புலம்பல்கள் தவறாமல் கேட்கும். நம் ஜனங்களுக்குப் பொறுப்பு கிடையாது என்பது ஒன்று. நம்மிடம் நல்ல இயந்திரம் இல்லை என்பது மற்றொன்று. இரண்டிலும் ஓரளவு உண்மை இருக்கலாம். ஆனால் கெய்ரோ, சென்னை, புணே, போகோட்டா, ஆலப்புழை ஆகிய ஊர்களில் நடந்தவற்றை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் வேறொன்று கண்ணில் படுகிறது. மக்கள் தாமே நடத்திய ஏற்பாடு எங்கே நிலைத்தது, எங்கே படுத்துவிட்டது என்பதைத் தீர்மானித்தது, மாநகராட்சி எதற்குப் பணம் கொடுத்தது என்பதுதான். கிடங்குக்கு வந்து சேரும் குப்பைக்குப் பணம் கொடுக்கும் ஊரில், குப்பையை வரவிடாமல் செய்கிறவருக்குக் கூலி இல்லை. கூலி இல்லாத வேலையை யார் எத்தனை நாள் செய்வார்கள்? இதுதான் என் வாதம். இதைச் சில குறிப்புகளாகப் பிரித்துச் சொல்கிறேன்.

1. எடைமேடைக் கணக்கு

உலக வங்கி 2018இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2016இல் உலகில் சேர்ந்த நகரக் குப்பை ஏறத்தாழ 201 கோடி டன். 2050இல் அது 340 கோடி டன் ஆகும் என்கிறார்கள். அந்த அறிக்கையில் எனக்கு முக்கியமாகப் பட்டவை வேறு எண்கள். வருமானம் மிகக் குறைந்த நாடுகளின் நகராட்சிகள் தம் செலவில் சுமார் 20 விழுக்காட்டைக் குப்பைக்கே ஒதுக்குகின்றன. அவ்வளவு செலவழித்தும் அங்கே அள்ளப்படுவது 40 விழுக்காட்டுக்கும் குறைவு. 90 விழுக்காட்டுக்கு மேல் வெட்டவெளியில் கொட்டப்படுகிறது, அல்லது கொளுத்தப்படுகிறது.

பணத்தில் பெரும்பங்கு அள்ளுவதிலும் ஏற்றிச் செல்வதிலும் கரைகிறது. தனியாரிடம் வேலையை விட்ட ஊர்களில் பெரும்பாலும் டன் கணக்கில் கூலி. லாரி எடைமேடையில் ஏறும். சீட்டு அடித்து வரும். சீட்டுகளைச் சேர்த்துக் கொடுத்தால் பில் பாஸாகும். தணிக்கைக்காரருக்கு இதைவிட வசதியான முறை கிடையாது. எடை கூடினால் ஒப்பந்தக்காரருக்கு லாபம், குறைந்தால் நட்டம். இந்த முறை உள்ள ஊர்களில் கட்டட இடிபாடும் மண்ணும் குப்பை வண்டியில் ஏறுகின்றன என்ற புகார் எழுவது வாடிக்கை.

இந்த எடை எதனால் ஆனது? நம்மைப் போன்ற நாடுகளின் குப்பையில் பாதிக்கு மேல் சமையல் கழிவும் காய்கறித் தோலும் இலைதழையும். அதாவது ஈரம். பாதிக்குப் பாதி தண்ணீரை டீசல் செலவழித்து ஊருக்கு வெளியே கொண்டுபோய்க் கொட்டுகிறோம். கொட்டிய இடத்தில் அது காற்றில்லாமல் அழுகி மீத்தேன் ஆகிறது. குவியல் உயர உயரத் தீப்பிடிக்கிறது; மழை பெய்தால் சரிகிறது. 2000 ஜூலையில் மணிலா அருகே பயாத்தாஸ், 2005 பிப்ரவரியில் இந்தோனேசியாவின் பாண்டுங் அருகே லியுவிகாஜா, 2017 மார்ச்சில் அடிஸ் அபாபாவின் கோஷே, அடுத்த மாதமே சித்திரைப் புத்தாண்டு அன்று கொழும்பின் மீதொட்டமுல்ல, 2024 ஆகஸ்டில் கம்பாலாவின் கிட்டீசி. இத்தனை இடங்களிலும் குப்பை மலை சரிந்து வீடுகளை மூடி மனிதர்களைக் கொன்றிருக்கிறது. செத்தவர்கள் பெரும்பாலும் மலையடிவாரத்து ஏழைகள். அந்தக் குப்பையில் மிகச் சிறிய பங்கே அவர்களுடையது.

எரித்து மின்சாரம் எடுத்துவிடலாமே என்று கேட்பீர்கள். 1987இல் தில்லியின் திமார்பூரில் டென்மார்க் நிறுவனம் ஒன்றின் உதவியோடு நாளொன்றுக்கு 300 டன் எரிக்கும் ஆலையைக் கட்டினார்கள். நம் குப்பையின் ஈரத்தோடும் மண்ணோடும் அதற்கு ஒத்துவரவில்லை. வேண்டிய வெப்பம் கிடைக்காமல் சில வாரங்கள்கூட ஒழுங்காக ஓடாமல் நின்றது.

ஒரு தெருவே சேர்ந்து ஈரக் குப்பையை அங்கேயே உரமாக்கிவிட்டால் மாநகராட்சிக்கு லாரிக் கூலி மிச்சம், டீசல் மிச்சம், கிடங்கில் இடம் மிச்சம். ஆனால் இந்த மிச்சம் எந்த வரவு-செலவுப் பக்கத்திலும் ஏறுவதில்லை. வராத குப்பைக்கு எடைச்சீட்டு கிடையாதே.

2. கெய்ரோவில் நடந்தது

எகிப்தின் கெய்ரோவில் 'ஸப்பாலீன்' என்று அழைக்கப்படும் சமூகத்தார் இருக்கிறார்கள். 1940களில் தெற்கே அஸ்யூத் பகுதியிலிருந்து பிழைப்புத் தேடி வந்த காப்டிக் கிறித்தவ உழவர்கள். அவர்களுக்கு முன்பே தாக்லா பாலைவனச் சோலையிலிருந்து வந்த 'வாஹியா' என்போர், வீட்டுக்காரர்களிடம் பணம் வாங்கிக்கொண்டு குப்பை எடுக்கும் உரிமையைத் தங்கள் கையில் வைத்திருந்தார்கள். புதிதாக வந்தவர்கள் குப்பையை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். மாதப் பணம் இடைத்தரகருக்கே போனது. குப்பையைக் கொண்டு பன்றி வளர்க்கலாம், காகிதத்தையும் தகரத்தையும் விற்கலாம் என்பது அவர்கள் கணக்கு.

1970 வாக்கில் முக்காத்தம் குன்றின் அடிவாரத்தில் குடியேறினார்கள். கீழ்த்தளத்தில் குப்பை பிரிப்பார்கள், மாடியில் குடியிருப்பார்கள். ஆண்கள் விடியற்காலையில் அடுக்குமாடிகளின் படியேறி, வீட்டு வாசலிலிருந்து எடுத்து, முதுகுக் கூடையில் சுமந்து இறங்குவார்கள். வீட்டில் பெண்களும் பிள்ளைகளும் பிரிப்பார்கள். சோற்றுக் கழிவு பன்றிக்கு. பிளாஸ்டிக்கை நிறத்துக்கும் ரகத்துக்கும் ஏற்றபடி பிரித்துக் கழுவி, அரைத்துக் குருணையாக்கி விற்பார்கள். கந்தல் துணி தனி, எலும்பு தனி, கண்ணாடி தனி. எடுத்த குப்பையில் ஐந்தில் நான்கு பங்கை மறுபடி பயன்படச் செய்தார்கள் என்று அவர்களை ஆய்ந்தவர்கள் திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறார்கள். எந்தப் பணக்கார நாட்டு நகரத்துக்கும் இது பெரிய எண். அரசுக்கு இதில் காலணா செலவில்லை.

2003 வாக்கில் கெய்ரோ நிர்வாகம் 'நவீனமாக' விரும்பியது. ஸ்பெயின், இத்தாலி நிறுவனங்களுக்கு 15 ஆண்டு ஒப்பந்தங்கள் கொடுத்தது. கட்டணத்தை மின்கட்டண ரசீதோடு சேர்த்து வசூலித்தது. அந்த நிறுவனங்கள் 20 விழுக்காட்டை மட்டும் மறுசுழற்சி செய்தால் போதும், மற்றதைப் புதைக்கலாம். குறுகிய சந்துகளில் அழுத்து லாரிகள் நுழையவில்லை. இத்தனை காலம் மூன்றாம் மாடி வாசலில் வைத்துப் பழகியவர்களிடம், தெருமுனைத் தொட்டிக்குத் தூக்கி வா என்றார்கள். மின்கட்டணத்தோடு ஒரு தரம், பழகிய குப்பைக்காரருக்கு ஒரு தரம் என்று இரண்டு முறை பணம் கட்டிய வீடுகள் ஏராளம்.

பிறகு 2009. பன்றிக் காய்ச்சல் பீதியில் நாட்டில் ஒருவருக்கும் நோய் காணாத நேரத்திலேயே, ஏறக்குறைய மூன்று லட்சம் பன்றிகளையும் கொல்ல அரசு உத்தரவிட்டது. அவற்றோடு நகரத்தின் ஈரக் குப்பையைத் தின்று தீர்த்துக்கொண்டிருந்த முழு ஏற்பாடும் போயிற்று. பன்றி இல்லாமல் சோற்றுக் கழிவை எடுப்பதால் ஸப்பாலீன்களுக்கு எந்த வருமானமும் இல்லை. அதைத் தொடாமல் விட்டார்கள். சில மாதங்களில் கெய்ரோ தெருக்கள் நாறின. அதுவரை அந்த நகரம் சுத்தமாக இருந்ததற்கு யார் காரணம் என்பது அப்போதுதான் பலருக்குத் தெரிந்தது.

இதைச் சொல்வதால் அந்தப் பழைய ஏற்பாடு பொற்காலம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பிள்ளைகள் குப்பையில் கைவைத்தார்கள், ஊசி குத்தியது, கல்லீரல் நோய் வந்தது. அதைச் சீர்திருத்தியிருக்கலாம். அதை விட்டுவிட்டு அவர்களைக் கணக்கிலேயே சேர்க்காமல் ஒப்பந்தம் எழுதினார்கள்.

3. தெருமுனைக்கு அப்பால்

சென்னையில் 1989இல் எம்.பி. நிர்மல் தொடங்கிய எக்ஸ்னோரா இயக்கத்தை இங்குள்ள மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஒரு தெருவில் ஏறத்தாழ நூறு வீடுகள் சேர்ந்து சங்கம் அமைக்கும். மாதச் சந்தா கட்டும். அதுவரை குப்பை பொறுக்கிக்கொண்டிருந்த ஒருவருக்கு மூன்று சக்கர மிதிவண்டி கொடுத்து, 'தெரு அழகாளர்' என்ற பெயரும் கொடுத்து, வீடு வீடாக எடுக்கச் சொல்வார்கள். 1990களில் இது தெருத்தெருவாகப் பரவியது. வெளிநாட்டிலிருந்து வந்து பார்த்து எழுதினார்கள்.

நடைமுறையில் வண்டிக்காரர் குப்பையைக் கொண்டுபோய்ச் சேர்த்த இடம் மாநகராட்சித் தொட்டி. தொட்டியை மாநகராட்சி லாரி இரண்டு நாள் எடுக்காவிட்டால், தெரு சுத்தம், தெருமுனை நரகம். அங்கிருந்து எல்லாம் கொடுங்கையூருக்கோ பெருங்குடிக்கோ போயிற்று. பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தின் ஓரத்தில் என்ன வளர்ந்தது என்பதை அந்த வழியாகப் போனவர்கள் மூக்கால் அறிவார்கள். 2000இல் மாநகராட்சி மூன்று மண்டலங்களைப் பன்னாட்டு நிறுவனம் ஒன்றிடம் டன் கணக்குக் கூலியில் ஒப்படைத்தது. கம்பெனி ஆளே வாசலுக்கு வரும்போது சங்கத்துக்கு எதற்குச் சந்தா என்று கேட்டவர்கள் உண்டு. உரக்குழி போட்டிருந்த சில சங்கங்கள் தாக்குப்பிடித்தன. ஆனால் அவை மிச்சப்படுத்திய டன்களுக்கு ஒரு ரூபாயும் திரும்பி வரவில்லை.

இதற்குச் சில ஆண்டு முன்பே கராச்சியில் வேறு விதமாக யோசித்த ஒரு மனிதர் இருந்தார். 1980இல் ஒராங்கி குடிசைப் பகுதியில் அக்தர் ஹமீத் கான் தொடங்கிய திட்டம் கழிவுநீர் பற்றியது, குப்பை பற்றியதல்ல. ஆனால் அதன் பாடம் நமக்கு வேண்டும். வீட்டுக் கழிப்பறை, சந்துக் குழாய், சந்துகளை இணைக்கும் குழாய் மூன்றையும் மக்கள் தம் பணத்திலேயே கட்டுவது. பெருங்குழாயும் சுத்திகரிப்பு நிலையமும் அரசு கட்டுவது. யார் எதுவரை என்ற கோடு தெளிவாக இருந்தது. மக்கள் தம் பங்கைச் செய்து முடித்துவிட்டு, உன் பங்கு எங்கே என்று அரசின் சட்டையைப் பிடிக்க முடிந்தது. நம் தெருச் சங்கங்களிடம் அப்படி எழுதிவைத்த எல்லைக்கோடு இருக்கவில்லை.

சமூகம், சமூகம் என்று சொல்லும்போது யாரைச் சொல்கிறோம் என்பதையும் இங்கே கேட்டாக வேண்டும். கூட்டத்தில் நாற்காலியில் உட்கார்ந்து தீர்மானம் போடுகிறவர்கள் குடியிருப்போர் சங்கத்தார். வாளியைக் கவிழ்த்து அதில் கைவிடுகிறவர் சங்க உறுப்பினர் அல்லர். பெரும்பாலும் தலித், பெரும்பாலும் பெண். சந்தாவை வசூலித்து, அதில் தமக்கு மனம் வந்த தொகையைக் கூலியாகக் கொடுக்கும் ஏற்பாட்டை மக்கள் மேலாண்மை என்று அழைக்க எனக்கு வாய் வரவில்லை. பெயர் மாறியிருக்கிறது, துப்புரவுப் பணியாளர் 2020இல் அரசாணைப்படி தூய்மைப் பணியாளர் ஆனார். 2025 ஆகஸ்டில், சுய உதவிக் குழு வழியாகத் தினக்கூலிக்கு வேலை பார்த்துவந்த அந்தப் பெண்கள், தங்கள் மண்டலங்களை ஒப்பந்ததாரரிடம் விடாதே என்று சென்னை மாநகராட்சியின் ரிப்பன் மாளிகை வாசலில் நாள்கணக்கில் உட்கார்ந்திருந்ததையும், நள்ளிரவில் அவர்கள் அப்புறப்படுத்தப்பட்டதையும் பத்திரிகைகளில் படித்தீர்கள்.

4. புணேயும் போகோட்டாவும்

புணேயில் தொடக்கமே வேறு. 1990 வாக்கில் எஸ்.என்.டி.டி. மகளிர் பல்கலைக்கழகத்தின் முதியோர் கல்வித் திட்டத்தில் குப்பை பொறுக்கும் பெண்களுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்கப் போனார்கள். எழுத்தைவிட அவசரமாக அந்தப் பெண்களுக்கு வேண்டியிருந்தது, பிரித்த குப்பை. தொட்டியில் கிளறி எடுப்பதைவிட வாசலிலேயே பிரித்து வாங்கினால் பாதி நேரத்தில் இரட்டிப்பு வருமானம். 1993இல் பாபா ஆடாவ் தலைமையில் 'காகத் காச் பத்ரா கஷ்டகரி பஞ்சாயத்' என்ற தொழிற்சங்கம் அமைந்தது. காகிதம், கண்ணாடி, தகரம் பொறுக்கும் உழைப்பாளிகளின் பஞ்சாயத்து. முதலில் அடையாள அட்டை, மாநகராட்சி முத்திரையுடன். திருடி என்று பிடித்துக்கொண்டு போன போலீஸ்காரரிடம் காட்ட ஒரு காகிதம் கிடைத்தது. பிறகு மருத்துவக் காப்பீடு. 2007இல் உறுப்பினர்களே உரிமையாளர்களான 'ஸ்வச்' கூட்டுறவு. 2008இல் மாநகராட்சியோடு ஒப்பந்தம்.

ஒப்பந்தத்தின் நுட்பத்தைக் கவனியுங்கள். வீட்டுக்காரர் மாதக் கட்டணத்தை நேரடியாக அந்தப் பெண்ணிடம் கொடுக்கிறார். பொறுக்கி விற்கும் பொருளின் பணமும் அவருக்கே. வண்டி, கையுறை, பிரிக்கும் கொட்டகை, மேற்பார்வைச் செலவு ஆகியவற்றுக்கு மாநகராட்சி பொறுப்பு. பிரிக்கும் கொட்டகையில் ஒரு பெண் வேலை செய்வதைப் பார்த்தால் தெரியும்: பிளாஸ்டிக் உறையை ஒரு கையால் கசக்குவார், எழும் சத்தத்தை வைத்தே அது எந்தக் குவியலுக்குப் போக வேண்டும் என்று முடிவாகிவிடும். மொடமொடத்தால் ஒரு பக்கம், சத்தமில்லாமல் இழுபட்டால் மறுபக்கம். மூடி வேறு, பாட்டில் வேறு, பாட்டிலின் கழுத்து வளையம் வேறு. ஒவ்வொன்றுக்கும் கிலோவுக்கு வேறு விலை. இந்த அறிவுக்கு எந்தப் பாடத்திட்டத்திலும் இடமில்லை.

கட்டணம் ஏன் முக்கியம் என்பதை 2008 காட்டியது. அந்த ஆண்டின் உலகப் பொருளாதாரச் சரிவில் பழைய காகிதமும் தகரமும் பிளாஸ்டிக்கும் விலை சரிந்தன. பொறுக்கி விற்பதையே நம்பியிருந்தவர்கள் கதி கலங்கினார்கள். மாதக் கட்டணம் உள்ளவர்களுக்கு அடுப்பு எரிந்தது. பொருள் விலைக்கு மட்டும் வேலை செய்கிறவர், விலை இல்லாத பொருளை எடுக்கமாட்டார். எடுக்கச் சொல்வதும் நியாயமில்லை. நகரத்துக்கு அவர் செய்யும் சேவை வேறு, காயலான் கடையில் அவர் விற்கும் சரக்கு வேறு. இரண்டுக்கும் தனித்தனியே பணம் வர வேண்டும்.

இதைச் சட்டமாகவே பெற்றவர்கள் கொலம்பியாவின் தலைநகர் போகோட்டாவின் மறுசுழற்சித் தொழிலாளர்கள். தலைமுறை தலைமுறையாகக் குப்பை பொறுக்கியவர்கள். மாநகரம் ஒப்பந்தப்புள்ளி கோரியபோது பெரிய நிறுவனங்கள் மட்டுமே போட்டியிடக்கூடிய நிபந்தனைகளை வைத்தது. இவர்கள் வழக்குப் போட்டார்கள். 2003இல் அரசியலமைப்பு நீதிமன்றம் இவர்கள் பக்கம் தீர்ப்புச் சொல்லியது. தீர்ப்பை நடத்தாமல் நிர்வாகம் இழுத்தடித்தது. 2011இல் நீதிமன்றம் மறுபடி தலையிட்டு, அப்போது கோரியிருந்த ஒப்பந்தப்புள்ளியை நிறுத்தி, இவர்களைச் சேர்த்துத் திட்டம் போடு என்று ஆணையிட்டது. போராட்டத்தின் முன்னணியில் இருந்த நோரா பதியா 2013இல் கோல்ட்மன் சுற்றுச்சூழல் விருது பெற்றார். அதே ஆண்டு மார்ச்சில், பின்னாளில் நாட்டின் அதிபரான குஸ்தாவோ பேத்ரோ மேயராக இருந்தபோது, முதல் பட்டுவாடா நடந்தது. பொறுக்கியவர் அனுமதி பெற்ற எடைநிலையத்தில் பொருளை நிறுப்பார்; பொருளை விற்ற காசு கடைக்காரரிடமிருந்து; அதற்கு மேல், லாரி கம்பெனிக்கு எடுக்கவும் ஏற்றவும் கொடுக்கிறாற்போல ஒரு சேவைக் கூலி மாநகரத்திடமிருந்து வங்கிக் கணக்குக்கு. 2016இல் இதை நாடு முழுதும் விரித்து ஆணை வந்தது.

எடைச்சீட்டு அங்கேயும் இருக்கிறது. ஆனால் கிடங்கு வாசலில் இல்லை. கிடங்குக்குப் போகாமல் திரும்பிய பொருளை நிறுக்கிறார்கள். எடைமேடையை வைக்கும் இடத்தை மாற்றினால் கூலியின் திசை மாறிவிடுகிறது. புணே இன்னும் அங்கே வந்து சேரவில்லை. ஸ்வச் பெண்கள் நகரத்துக்கு மிச்சப்படுத்தும் லாரிச் செலவிலிருந்து அவர்களுக்குக் கூலி வருவதில்லை. ஒப்பந்தம் முடியும் ஒவ்வொரு முறையும் புதுப்பிக்கப்படுமா என்ற கவலையும் தீரவில்லை.

5. ஆலப்புழையின் குழாய்

காகிதத்துக்கும் பாட்டிலுக்கும் சந்தை உண்டு. இந்தோனேசியாவில் 2008இல் பாந்துலில் பம்பாங் சுவெர்தா தொடங்கிய 'குப்பை வங்கி' நாடெங்கும் பரவியது இதனால்தான். காய்ந்த குப்பையைக் கொண்டுபோய்க் கொடுத்தால் பாஸ்புக்கில் வரவு வைப்பார்கள். அழகான ஏற்பாடு. ஆனால் எந்த வங்கியும் மீன் செதிலை வரவு வைத்துக்கொள்ளாது. எடையில் பாதி அதுதானே.

கேரளத்தின் ஆலப்புழை நகரம் தன் குப்பையை அண்டை ஊராட்சியின் சர்வோதயபுரத்தில் கொட்டி வந்தது. 2012இல் அந்த ஊர் மக்கள் லாரிகளை மறித்துவிட்டார்கள். கால்வாய்க் கரையெல்லாம் குப்பை. அப்போது சட்டமன்ற உறுப்பினராக இருந்த தாமஸ் ஐசக்கும் நகராட்சியும் வேறு இடம் தேடவில்லை. உண்மையில் இடம் கிடைக்கவும் இல்லை. வீட்டிலேயே முடித்துக்கொள் என்றார்கள். எட்டு அங்குல விட்டமுள்ள இரண்டு பிவிசி குழாய்களை வீட்டுக் கொல்லையில் செங்குத்தாக நட்டு, மானிய விலையில் கொடுத்தார்கள். ஒன்று நிறைந்ததும் மூடிவிட்டு மற்றதில் போடுவது. அது நிறைவதற்குள் முதல் குழாயில் உள்ளது மண்ணாகியிருக்கும். கொல்லை இல்லாதவர்களுக்குத் தெருவில் கொட்டில்: நாலடிக்கு நாலடி, நாலடி உயரம், காற்றுப் புக இடைவெளி விட்ட சுவர். அடியில் சாணம், அதன்மேல் சருகு, அதன்மேல் கழிவு, மறுபடி சாணம். கால்நடைப் பல்கலைக்கழகத்தின் தும்பூர்முழிப் பண்ணையில் உருவான முறை இது. சில நாளில் உள்ளே 70 டிகிரி வரை சூடு ஏறும். கை வைக்க முடியாது. அந்தச் சூட்டில் புழுவும் ஈ முட்டையும் அழியும். 90 நாளில் உரம். ஒழுங்காகச் செய்தால் நாற்றம் வராது. பக்கத்து வீட்டுக்காரர் மூக்கைப் பிடிக்காதது இதற்குக் கிடைத்த மிகப் பெரிய பிரசாரம். 2017இல் ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு, ஒசாகாவையும் லியூப்லியானாவையும் சொன்ன ஐந்து நகரப் பட்டியலில் ஆலப்புழையையும் சொன்னது.

பாராட்டோடு ஒரு கேள்வியும் கேட்க வேண்டும். வீட்டில் குழாயைப் பார்த்துக்கொள்வது யார்? மூடியைத் திறந்து, சாணம் கரைத்து ஊற்றி, புழு வந்தால் சருகு போடுவது யார்? அந்த வீட்டுப் பெண்தான். நகராட்சியின் செலவு குறைந்தது உண்மை. அதில் ஒரு பங்கு சமையலறையில் இருப்பவரின் வேலையாக மாறியதும் உண்மை. சொத்து வரியில் ஒரு சிறு தள்ளுபடி கொடுத்தால் என்ன குறைந்துவிடும்?

காய்ந்த குப்பைக்குக் கேரளம் ஹரித கர்ம சேனையை உருவாக்கியது. குடும்பஸ்ரீ என்ற மகளிர் குழுக்களின் பெண்கள் மாதம் ஒருமுறை வீடு தேடி வந்து பிளாஸ்டிக்கை வாங்கிப் போவார்கள். ஊராட்சியில் மாதம் 50 ரூபாய் கட்டணம். குப்பையையும் கொடுத்து காசும் கொடுக்கணுமா என்று பல வீடுகளில் கதவைச் சாத்தினார்கள். 2023 மார்ச்சில் கொச்சியின் பிரம்மபுரம் கிடங்கு நாள்கணக்கில் எரிந்து நகரமே புகையில் மூச்சு முட்டிய பிறகு அரசு விழித்தது. கட்டணம் கட்டாதவரிடம் வரி நிலுவையைப் போல வசூலிக்கச் சட்டத்தில் வழி செய்தது. அதே ஆண்டு ஜூலையில் பரப்பனங்காடியின் சேனைப் பெண்கள் பதினொரு பேர், தனியாக வாங்க வசதியில்லாமல் காசு சேர்த்து வாங்கிய 250 ரூபாய் லாட்டரிச் சீட்டுக்குப் பத்துக் கோடி விழுந்தது. வேலையை விடமாட்டோம் என்று பத்திரிகைக்காரர்களிடம் சொன்னார்கள். ஊரே மகிழ்ந்தது. 250 ரூபாய்க்குப் பதினொரு பேர் சேர வேண்டியிருந்ததைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

6. இடம்

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டாக்காவில் 1995இல் மக்சூத் சின்ஹா, இஃப்தேக்கார் எனாயதுல்லா என்ற இருவர் வேஸ்ட் கன்சர்ன் அமைப்பைத் தொடங்கினார்கள். அவர்களுக்கு முதல் தடை தொழில்நுட்பமன்று. மீர்பூரில் உரக்கூடம் போட நிலம் இல்லை; லயன்ஸ் சங்கம் ஒன்று கொடுத்த துண்டு நிலத்தில்தான் வேலை தொடங்கியது. ரிக்ஷா வண்டியில் வந்த குப்பை சுமார் 40 நாளில் மட்கி, மேலும் இரண்டு வாரம் பதப்பட்டு உரமானது. அடுத்த தடை விற்பனை. யூரியாவுக்கு அரசு மானியம் கொட்டும் நாடுகளில் குப்பை உரம் விலையில் போட்டியிட முடியாது. உர நிறுவனம் ஒன்றோடு கைகோத்துத்தான் அவர்கள் அதைத் தாண்டினார்கள். இந்திய அரசு 2016இல் நகர உரத்துக்கு டன்னுக்கு 1,500 ரூபாய் உதவி அறிவித்ததும் இதே காரணத்தால். ஊருக்கு ஊர் மண்டபம் கட்ட இடம் இருக்கிறது; வார்டுக்கு ஐந்து சென்ட் உரக்கொட்டகைக்கு இல்லை. நுண் உரமாக்கும் மையம் எங்கள் தெருவில் வேண்டாம் என்று மனுக் கொடுப்பவர்களும் நாம்தான்.

7. சமூகம் சுமக்கக் கூடாதவை

எல்லாவற்றையும் மக்கள் தலையில் கட்டும் பேச்சுக்கும் எல்லை வேண்டும். ஒரு ரூபாய் ஷாம்பு உறை, பான் மசாலா உறை, சிப்ஸ் பொட்டலம் ஆகியவற்றை எந்தக் காயலான் கடையும் வாங்காது. குழாயில் போட்டாலும் மட்காது. 2016இன் பிளாஸ்டிக் கழிவு விதிகள் மறுசுழற்சி செய்ய முடியாத பல அடுக்கு உறைகளை இரண்டு ஆண்டில் ஒழிக்கச் சொன்னன. இரண்டு ஆண்டு முடிந்தபோது ஒழிந்தது அந்த விதியின் கூர்மை. 2018 திருத்தத்தில், எரித்து ஆற்றல் எடுக்க முடியும் அல்லது வேறு பயன்பாடு உண்டு என்றால் போதும் என்று தளர்த்திவிட்டார்கள். ஸ்வச் பெண்கள் ஒருமுறை, பயன்படுத்திய சானிட்டரி நாப்கின்களைச் சேர்த்து, அவற்றைத் தயாரித்த கம்பெனிகளுக்கே திருப்பி அனுப்பினார்கள். நான் அறிந்த மிகச் சிறந்த கொள்கை விமர்சனம் அது.

இனி என்ன செய்யலாம் என்று மாணவர்கள் கேட்பீர்கள். பிரேசிலின் மினாஸ் ஜெராயிஸ் மாநிலம் 2011இல் ஒரு சட்டம் போட்டது. குப்பை பொறுக்குவோர் கூட்டுறவுகள் மீட்டுக் கொடுத்த பொருளின் அளவுக்கு, சுற்றுச்சூழல் சேவைக்கான தொகையை மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாநில அரசே கொடுக்கும். அதில் ஆகப் பெரும்பங்கு உழைத்தவர் கைக்குப் போக வேண்டும். பணக்கார நாட்டுச் சட்டமல்ல இது. நம்மைப் போலவே சாக்கடையும் கடனும் உள்ள மாநிலம்.

நம் பேரூராட்சிகளும் நகராட்சிகளும் குப்பைக்குக் கோரும் ஒப்பந்தப்புள்ளி ஆவணங்கள் இணையத்தில் கிடைக்கின்றன. முனைவர்ப் பட்டத்துக்குத் தலைப்புத் தேடும் நண்பர்கள் அவற்றில் ஒரு நூறை எடுத்துக்கொண்டு, கட்டணம் செலுத்தும் பிரிவை மட்டும் படியுங்கள். டன்னுக்கா, வீட்டுக்கா, ஆளுக்கா, நடைக்கா என்று வகைப்படுத்துங்கள். கிடங்குக்கு வரும் எடை ஆண்டுக்கு ஆண்டு குறைந்தால் ஒப்பந்தக்காரருக்கு வருமானம் கூடும்படி எழுதிய ஒரு பிரிவாவது அவற்றில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் எந்த ஊர் என்று எனக்கு எழுதுங்கள். அடுத்த பஸ் பிடித்து அங்கே வருகிறேன்.

கேள்விகளுக்கு நேரம் விடச் சொல்லி அவைத் தலைவர் கைக்கடிகாரத்தைக் காட்டுகிறார்.